கதவுக்குள் கிடந்த தண்ணீர்

"அக்கா, கார்ல குடம் எதும் வச்சிருக்கீங்களா?"

பின் சீட்டிலிருந்து சாந்தி டீச்சர் கேட்டார். என்னோடு வேலை பார்ப்பவர். தினமும் ஆலங்குடியில் எங்கள் காரில் ஏறிக்கொள்வார். விடிய விடியப் பெய்த மழை அப்போதுதான் விட்டிருந்தது. கீரமங்கலம் ரோட்டில் இரண்டு பக்கமும் தென்னைகள் சொட்டிக்கொண்டிருந்தன. ஈர மண் வாசனையோடு யாரோ பூ மூட்டை கொண்டு போன வாசனையும் கலந்து கிடந்தது.

கார் வளைவில் திரும்பியது. சளக். நேரானது. சளக், சளக். பாதிக் குடம் தண்ணீரை இடுப்பில் வைத்துக்கொண்டு வேகமாக நடந்தால் வருமே, அதே சத்தம்.

"குடமா? நான் எங்கிட்டுக் குடத்தைக் கொண்டாந்தேன்?" என்றேன்.

"இல்லக்கா, நல்லாக் கேளுங்க. அண்ணன் பக்கத்துல இருந்துதான் வருது."

அண்ணன் என்றது என் வீட்டுக்காரரை. அவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி நேரே பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தார். சத்தம் வந்தது அவர் பக்கத்துக் கதவுக்குள்ளிருந்து. அந்தக் கதவின்மேல்தான் அவர் முழங்கை ஊன்றியிருந்தது. அவர் முகத்தில் ஒரு சலனமும் இல்லை.

போன வாரம் இந்தப் பத்தியில் எங்கள் பள்ளிக்கூடத்து அடிபம்பைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு, "என்ன டீச்சர், தண்ணிப் பஞ்சத்தையே எழுதுறீங்க" என்று ஒருவர் போனில் சலித்துக்கொண்டார். இந்த வாரம் பஞ்சம் இல்லை. தண்ணீர் நிறையவே இருந்தது. இருக்கக்கூடாத இடத்தில் இருந்தது, அவ்வளவுதான்.

வந்து சேர்ந்தவர்

எங்களுக்கு வல்லத்திராக்கோட்டையில் வீடு. கல்யாணமான கையோடு அவர் வளைகுடாவுக்குப் போனார். லீவுக்கு வருவார், போவார். வரும்போது ஒரு பெட்டி நிறையச் சோப்பும் பேரீச்சம்பழமும் வரும், போகும்போது ஊறுகாயும் பருப்புப்பொடியும் போகும். நடுவில் இருந்த வருசங்களை நான்தான் ஓட்டினேன். மகளை வளர்த்தது, வீடு கட்டியது, கொத்தனாரோடு மல்லுக்கு நின்றது, மாமனாருக்காக ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்து கடைசியில் அவரை வழியனுப்பி வைத்தது, எல்லாம். மகள் இப்போது கோயம்புத்தூரில் வேலையில் இருக்கிறாள்.

அங்கே அவருக்கு என்ன வேலை என்று ஊரில் பாதிப் பேருக்குத் தெரியாது. ஏசி வேலை என்பார்கள். பெரிய பெரிய கட்டடங்களில் குளிர்காற்று போவதற்குத் தகரக் குழாய்கள் ஓடும். அந்தக் குழாய்மேல் பஞ்சைச் சுற்றி, வெள்ளித் தாளை ஒட்டி, ஊசிமுனை ஓட்டைகூட இல்லாமல் அடைக்கிற வேலை. கடைசியில் சில வருசம், அந்தக் குளிரை உண்டாக்குகிற மிஷின் ரூமிலேயே டூட்டி போட்டுவிட்டார்கள்.

அந்தச் சமயத்தில் போனில் அவர் பேச்சுக்குப் பின்னால் எப்போதும் ஹோவென்று ஓர் இரைச்சல் கேட்கும்.

"கொஞ்சம் வெளிய வந்துதான் பேசுங்களேன்" என்பேன்.

"வெளியதான் நிக்கிறேன்" என்று கத்துவார்.

ஒரேயடியாக ஊருக்கு வந்து சேர்ந்த பிறகும் அந்தக் கத்தல் போகவில்லை. குழம்பில் உப்புக் கம்மி என்று அவர் சொன்னால் தெருக்கோடி வரை தெரிந்துவிடும். "ஏங்க, நான் இங்கனதானே நிக்கிறேன்" என்று சொல்லிச் சொல்லி அலுத்துப்போய் விட்டுவிட்டேன். இரைச்சலிலேயே கிடந்த மனுசன், பழக்கதோசம் என்று நினைத்தேன்.

வந்ததும் பழைய வெள்ளைக் கார் ஒன்றை வாங்கினார். "இனிமே நீ பஸ்ஸுக்கு நிக்கவேணாம். நான் கொண்டுபோயி விடுறேன், கூட்டியாரேன்" என்றார். இரண்டு பஸ் மாறி, படியில் தொற்றி, மூட்டு வலியோடு போய்க்கொண்டிருந்தவளுக்கு அது எப்படி இருந்திருக்கும்? அந்த ஒரு வாரம் நான் ராணிதான், மறுப்பதற்கில்லை.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். எங்களுடையது இரண்டு வாத்தியார் பள்ளிக்கூடம். ஐந்து வகுப்பும் ஒரே கூடத்தில். இந்தப் பக்கம் நான் வாய்ப்பாடு சொன்னால் அந்தப் பக்கம் சாந்தி டீச்சர் பாட்டுச் சொல்லிக்கொடுப்பார். ஒருவரை ஒருவர் மிஞ்சிக் கத்தியாக வேண்டும். சாயங்காலம் காரில் ஏறும்போது என் தொண்டையில் மிச்சம் இருப்பது வெறும் காற்றுதான். அந்தக் காற்றில்தான் அவரோடு பேசுவேன்.

"பேச்சு வெளங்கமாட்டேங்குதே"

காரில் பாட்டுப் போட்டார். போட்ட மறுநாளே குறை ஆரம்பித்தது.

"இந்த ஸ்பீக்கரு வெளங்காது. என்னத்தப் பாடுறான்னே புரியலை. வெறும் எரச்சலா இருக்கு."

எனக்குப் புரிந்தது. பழைய பாட்டு, ஒவ்வொரு வார்த்தையும் பளிச்சென்று கேட்டது. ஆனால் அவர் வாய்க்கு எதிர்வாய் பேசி ஜெயித்தவர் யாரும் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னையும் ஏற்றிக்கொண்டு திருச்சிக்குப் போனார். முன்கதவு இரண்டுக்கும் புது ஸ்பீக்கர். கண்ணாடியோரத்தில் ஒட்டுவதற்குப் பொத்தான் மாதிரிச் சின்னதாய், ட்வீட்டர் என்று இரண்டு குட்டி ஸ்பீக்கர். கடைக்காரர் டெமோ போட்டுக் காட்டியபோது கடையே அதிர்ந்தது. இவர் கண்ணை மூடிக்கொண்டு தலையை ஆட்டினார். எனக்கு நெஞ்சுக்குள் யாரோ உரல் இடிப்பது போலிருந்தது.

திரும்பி வரும்போது நார்த்தாமலை விலக்குக்குப் பக்கத்தில் காரை ஓரங்கட்டினார். வெயிலில் மலைகள் பேசாமல் கிடந்தன. பாட்டைப் போட்டுச் சத்தத்தை ஏற்றினார். இன்னும் ஏற்றினார். டீக்கடையில் நின்றவர்கள் டம்ளரோடு எட்டிப் பார்த்தார்கள்.

"எப்படி?" என்றார்.

"காது பிஞ்சுபோச்சு" என்றேன்.

அவர் முகம் விழுந்துவிட்டது. "சத்தம் வருது. பேச்சு வெளங்கமாட்டேங்குதே" என்றார்.

அதை நான் ஸ்பீக்கரைப் பற்றிய புகாராகத்தான் எடுத்துக்கொண்டேன். வேறு எப்படி எடுத்துக்கொள்வது?

கடைக்காரருக்குப் போன் போட்டார். அவர் என்ன சொன்னார் என்பதை ஸ்பீக்கர் போனில் நானும் கேட்டேன். "ஸ்பீக்கர் மட்டும் மாத்துனா ஆகாதுண்ணே. கதவு வெறும் தகரம். அது அதிரும். ரோட்டுச் சத்தம் வேற உள்ள வரும். அதிர்வ அடக்குற டேம்பிங் ஷீட் ஒட்டுங்க, அப்பறம் பாருங்க கச்சேரிய."

அடுத்த வாரம் அந்த ஷீட் வந்து இறங்கியது. ஒரு பக்கம் கருப்புப் பசை, மறுபக்கம் வெள்ளித் தாள். அதைத் தடவிப் பார்த்தவர் முகத்தில் எத்தனையோ நாளுக்குப் பிறகு சிரிப்பைக் கண்டேன்.

"ஏ மல்லிகா, இது நம்ம வேலைடி! இதுக்கா கடைக்காரனுக்குக் கூலி குடுக்கணும்?"

பூரிக்கட்டை

வேப்பமரத்தடியில் கார் நின்றது. நாலு கதவும் விரியத் திறந்துகிடந்தன. உள்பக்க அட்டையை, டோர் பேடு என்பார்கள், ஒவ்வொன்றாகக் கழற்றினார். கிளிப்புகள் பட்பட்டென்று தெறித்தன. அதற்குள்ளே ஒரு பிளாஸ்டிக் தாள், அதற்குள்ளே வெற்றுத் தகரம், வயர், துரு, யாருடையதென்று தெரியாத ஒரு ஹேர்பின். கார் பழையது. ஹேர்பின் என்னுடையது இல்லை என்று நான் சொன்னபோது, "யாரு கேட்டா?" என்று கத்தினார்.

ஷீட்டை வெட்டி ஒட்டினால் மட்டும் போதாதாம். காற்றில்லாமல் அழுத்தித் தேய்க்க வேண்டுமாம். அதற்கென்று ஒரு உருளை உண்டாம், வாங்க மறந்துவிட்டாராம். நான் குளித்துவிட்டு வந்து பார்த்தால் என் பூரிக்கட்டை காரின் வயிற்றுக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. கல்யாணச் சீராக வந்த பூரிக்கட்டை. பாதிவரை தார் மாதிரிக் கருப்பு.

"இது ஒங்களுக்கு அடுக்குமா?" என்றேன்.

"பாத்துக்கலாம், பாத்துக்கலாம்" என்றார் தலையைத் திருப்பாமல்.

கோபம் ஒரு பக்கம் இருக்கட்டும். வேலையைப் பார்த்தபோது கொஞ்சம் வாயடைத்துத்தான் போனேன். இத்தனை வருசம் இந்த மனுசன் அங்கே என்ன செய்தார் என்பதை அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன். கத்தி ஒரே இழுப்பில் கோடு போடும். மூலையை மடித்துக் கட்டைவிரலால் ஓர் அழுத்து. தகரமே தெரியாமல் வெள்ளிக் கவசம் ஏறியது. கடைசியாகத் தரையில் மல்லாந்து படுத்துக்கொண்டு, கதவின் அடிவிளிம்பில் வரிசையாக இருந்த சின்னச் சின்ன ஓட்டைகளையும் அடைத்தார்.

"அது எதுக்கு? கம்பெனிக்காரன் ஓட்டைய வச்சுத்தானே அனுப்பியிருக்கான்?"

மறுபடியும் குனிந்து, காதருகே போய்க் கேட்டேன். அப்போது பதில் வந்தது.

"ஓட்டைன்னு ஒண்ண விட்டா மணல் பூந்துரும்! எரச்சலும் பூந்துரும்!"

மணலா? வேப்பங்கொட்டைதான் உதிர்ந்துகொண்டிருந்தது. நான் உள்ளே போய்ச் சோற்றை வடித்தேன்.

மறுநாள் கதவைச் சாத்தினால் தகரச் சத்தமே இல்லை. பிரிட்ஜ் கதவு மாதிரித் தொப்பென்று மூடியது. ஓடும்போது டயர் சத்தம் எங்கேயோ தூரத்தில் கேட்டது. என் வளையல் உரசுவதுகூட எனக்குக் கேட்டது. "எப்படி?" என்றார். "நல்லாத்தான் இருக்கு" என்றேன், நிஜமாகவே. அவர் தலையை ஆட்டிவிட்டுப் பாட்டுச் சத்தத்தை இன்னும் ஏற்றினார்.

"பாத்துக்கலாம்"

திருச்சிக்குப் போய் ஸ்பீக்கர் மாற்றியதற்கெல்லாம் முன்னால், ஒரு கோடை ஆரம்பத்தில், காரில் வைத்து அவரிடம் ஒரு விசயம் சொல்லியிருந்தேன். அதைச் சொல்லாமல் இந்தக் கதை நிறையாது.

அன்றைக்குப் பள்ளியில் ஒரே நாளில் ஆடிட்டு, தடுப்பூசி முகாம், சத்துணவு அரிசி வரவு என்று மூன்று கூத்து. போனில் பிள்ளைகள் விவரத்தை ஏற்றச் சொல்லி மேலிடத்திலிருந்து விரட்டல் வேறு. மூட்டு வீங்கி, செருப்பு நுழையவில்லை. செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டுதான் காரில் ஏறினேன். சாந்தி டீச்சர் அன்று லீவு. நாங்கள் இரண்டு பேர் மட்டும்.

"ஏங்க, எனக்கு முடியலைங்க. விருப்ப ஓய்வு எழுதிக் குடுத்துட்டு வீட்டுல இருக்கலாம்னு பாக்குறேன். நீங்க என்ன சொல்றீங்க?"

சொல்லிவிட்டு வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன். முகத்தைப் பார்த்துக் கேட்கிற தெம்பு இல்லை.

அவர், "பாத்துக்கலாம், பாத்துக்கலாம்" என்றார். பாட்டுச் சத்தத்தை ஏற்றினார்.

அவ்வளவுதான். வீடு வந்தது. இறங்கி, அரிசி களைந்தேன்.

என் சம்பளம், என் வேலை. நானே முடிவு செய்திருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். என் மகளும் அதைத்தான் கேட்டாள். செய்திருக்கலாம். ஆனால் எந்தக் கதவுக்கு எந்தத் தாழ்ப்பாள் என்பதிலிருந்து எந்த டாக்டரிடம் ஆபரேசன் என்பது வரை தனியாளாக முடிவு செய்து செய்து எனக்கு முடிவு செய்வதே அலுத்துவிட்டது. இந்த ஒன்றையாவது இன்னொருவர் வாயால் கேட்கவேண்டும் என்றிருந்தது. "விட்டுரு" என்று ஒரு வார்த்தை. அதற்காகத்தானே இத்தனை வருசம் இந்த மனுசன் வரட்டும், வரட்டும் என்று காத்திருந்தேன்?

பாத்துக்கலாமாம்!

அதற்குப் பிறகு காரில் பேச்சைக் குறைத்துக்கொண்டேன். கேட்டால் பதில், இல்லாவிட்டால் ஜன்னல். அவரும் ஏன் என்று கேட்கவில்லை. பாட்டுத்தான் ஓடும். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. நாள்பட நாள்பட ஆத்திரமும் களைத்துப்போய், உள்ளே ஒரு மூலையில் கிடந்தது.

அவருக்கு எல்லாவற்றுக்கும் அந்த ஒரே பதில்தான். சாந்தி டீச்சர் ஒருநாள் காரில் ஏறியதும் அழுதுகொண்டே, "அண்ணே, எங்க மாமனாரு தவறிட்டாங்க" என்றார். இவர், "பாத்துக்கலாம்மா, பாத்துக்கலாம்" என்றார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. சாந்தி டீச்சரோ கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அண்ணன் எம்புட்டு ஆறுதலாச் சொல்றாங்க பாருங்க" என்றார்.

இன்னொரு நாள் ஆலங்குடி ரோட்டில் பின்னால் ஒரு லாரி ஹாரனை அமுக்கிக்கொண்டே வந்தது. இவர் ஓரம் விடவில்லை. கடைசியில் லாரிக்காரர் ரோட்டை விட்டு மண்ணில் இறங்கி, எங்களைத் தாண்டும்போது தலையை வெளியே நீட்டிக் கேட்கக்கூடாத வார்த்தையெல்லாம் சொல்லித் திட்டினார். "என்னவாம் அவனுக்கு?" என்றார் இவர். என்ன திமிர் இந்த மனுசனுக்கு என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

சளக்

இப்போது அந்த மழைக்காலையில் காருக்குள் வாருங்கள்.

"ஏங்க, அந்தச் சத்தம் கேக்குதா?" என்றேன்.

ரோட்டைப் பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தார். நான் கொஞ்சம் உரக்க, "ஏங்க!" என்றேன்.

"ஆ? ஆமா, ஆமா. பாத்துக்கலாம்."

கண்ணாடியில் சாந்தி டீச்சர் முகம் தெரிந்தது. அவர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன்.

கையை நீட்டிப் பாட்டை அணைத்தேன். அவர் செய்த வேலை சுத்தமான வேலை. காருக்குள் வேறு சத்தமே இல்லை. கோயில் குளத்து வளைவு வந்தது. சளக். வேகத்தடை வந்தது. சளக், சளக், சளக். அவர் முழங்கைக்கு அடியில் ஒரு கண்மாயே அலையடித்துக்கொண்டிருந்தது. அவர் இடதுகையால் மூக்கைச் சொறிந்துகொண்டார்.

"அக்கா, அப்ப அன்னைக்கி எங்க மாமனாரு விசயம்..." என்று ஆரம்பித்த சாந்தி டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டார்.

லாரி ஞாபகம் வந்தது. மகள் போனில், "அப்பா ஏம்மா நான் பேசுறதுக்குச் சம்பந்தமே இல்லாம பதில் சொல்றாரு?" என்று கேட்டது ஞாபகம் வந்தது. நார்த்தாமலையில் விழுந்துபோன அந்த முகம் ஞாபகம் வந்தது. பள்ளிக்கூட வாசலில் இறங்கும்போது, செருப்பைக் கையில் பிடித்து ஏறிய அந்தச் சாயங்காலமும் ஞாபகம் வந்துவிட்டது. சாந்தி டீச்சர் என் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனார். அன்றைக்குப் பிள்ளைகளுக்கு என்ன சொல்லிக்கொடுத்தேன் என்று கேட்டால் எனக்குத் தெரியாது.

சாயங்காலம் வீட்டு வாசலில் கார் நின்றது. நல்ல வெளிச்சம் இருந்தது. அவர் இறங்கியதும் முன்னால் போய் நின்று, முகத்துக்கு நேராக, "கதவுக்கு அடியில ஒட்டுனீங்கள்ல, அதை எடுங்க" என்றேன்.

"எதுக்கு?"

"எடுங்க, சொல்றேன்."

முணுமுணுத்துக்கொண்டே கத்தியை எடுத்துவந்து மல்லாந்து படுத்தார். ஓட்டையை அடைத்திருந்த ஷீட்டின் முனையை நெம்பினார். அது பிரிந்ததும் துருத்தண்ணீர் கொட்டியது. கை, சட்டை, கழுத்து, எல்லாம் செம்மண் நிறம். அடுத்த ஓட்டையைப் பிரித்தார். அதிலும் கொட்டியது. வேப்பமரத்தடி வரை ஓடியது.

எந்தக் காராக இருந்தாலும் ஜன்னல் கண்ணாடி வழியாகக் கதவுக்குள் மழைத்தண்ணீர் இறங்கத்தான் செய்யுமாம். அது வெளியே போகத்தான் அந்த ஓட்டைகளாம். பிற்பாடு தெரிந்துகொண்டோம். அவர் வேலை பார்த்த ஊரில் ஓட்டை இருந்தால் மணல் உள்ளே வரும். நம் ஊரில் ஓட்டை இருந்தால்தான் தண்ணீர் வெளியே போகும். அங்கே இருந்த இருப்பில் அவருக்கு மழையே மறந்துபோயிருந்தது.

"இம்புட்டுத் தண்ணியா!" என்றார் படுத்தபடியே. பிறகு, "எத்தன நாளாக் கெடக்கு?" என்றார்.

"மழை பிடிச்சதுலேருந்து இருக்கும்" என்றேன், அவர் முகத்துக்கு நேராகக் குனிந்து.

"ஓட்டும்போது சத்தம் வந்திருக்குமே?"

"வந்துச்சு."

"ஒனக்குக் கேட்டுச்சா?"

"சாந்தி டீச்சருக்கும் கேட்டுச்சு."

அவர் கடைசிச் சொட்டுகள் விழுவதையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். எழுந்து உட்கார்ந்தபோது சட்டை முதுகெல்லாம் சேறு. கத்தியை மடக்கினார்.

"அப்ப, பழைய ஸ்பீக்கரு நல்லாத்தான் இருந்திருக்கு" என்றார்.

கதவைச் சாத்திக்கொண்டு

"உள்ள ஏறு" என்றார்.

"எங்க போக?"

"எங்கயும் போகலை. நான் பேசுனா ஊருக்கே கேக்குமாமே. நீதானே சொல்லுவ? ஊருக்குக் கேக்கவேணாம்."

ஏறினேன். சேற்றுச் சட்டையோடு அவரும் ஏறினார். நாலு கண்ணாடியையும் ஏற்றினார். கதவுகள் தொப், தொப்பென்று மூடின. தார் வாசனையும் ஈர வாசனையுமாக இருந்தது. எதிர் வீட்டில் மாடு கத்தியது வாயசைவாகத்தான் தெரிந்தது.

அவர் சொன்னார். அந்த மிஷின் ரூமுக்குப் போன கொஞ்ச நாளிலேயே ஆரம்பித்துவிட்டதாம். காதுக்குள் எந்நேரமும் பூச்சி கத்துகிற மாதிரி இருக்குமாம். கூட இருந்த எல்லோருக்கும் அப்படித்தானாம். வருசா வருசம் காதுப் பரிசோதனை வைப்பார்களாம். "சத்தம் கேட்டா கையத் தூக்கணும். நான் அந்த ஆளு வெரல் பொத்தான அமுக்குறதப் பாத்துப் பாத்துத் தூக்குனேன்" என்றார். சொல்லும்போது லேசாகச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"என்கிட்டயாவது சொல்லக்கூடாதா?"

"செவிடன்னு பேரு வச்சிருவானுக. வந்ததும் வராததுமா ஒனக்கு இன்னொரு வைத்தியச் செலவா? ஏற்கெனவே எங்க அப்பாவுக்குப் பாத்தவ நீ."

பிறகு டாக்டரைப் போய்ப் பார்த்ததும், காதுக்குப் பின்னால் அந்தச் சின்ன மிஷின் ஏறியதும், அதைப் போட்ட அன்று மிக்ஸிச் சத்தத்துக்கு அவர் அரண்டு எழுந்ததும் தனிக்கதை. அன்றைக்கு எங்களிடம் மிஷின் இல்லை. அவர் பூரிக்கட்டையால் தேய்த்துத் தேய்த்து உண்டாக்கிய நிசப்தம் மட்டும்தான் இருந்தது.

என் பக்கம் நன்றாகத் திரும்பி உட்கார்ந்தார். என் வாயையே பார்த்தார்.

"நீயும் இந்தக் காருல என்னென்னமோ பேசியிருப்பியே. என்ன பேசுன?"

எதிலிருந்து ஆரம்பிக்க? இத்தனை நாள் பேசியதையெல்லாம் திருப்பிப் பேச எனக்குத் தொண்டையும் இல்லை, ஆயுசும் இல்லை. ஒன்றே ஒன்றைச் சொன்னேன். மெதுவாக, அவர் முகத்தைப் பார்த்து, வார்த்தை வார்த்தையாக.

"எனக்கு முடியலைங்க. விருப்ப ஓய்வு எழுதிக் குடுத்துட்டு வீட்டுல இருக்கலாம்னு பாக்குறேன்."

அவர் புருவம் ஏறியது.

"அட, இதை முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல?"

எனக்குச் சிரிப்பா அழுகையா என்று தெரியாமல் என்னவோ பொங்கிக்கொண்டு வந்தது. முந்தானையை வாயில் வைத்து அமுக்கினேன்.

"சொன்னேங்க."

"எப்ப?"

"போன கோடையில. இதே சீட்டுல ஒக்காந்து."

"நான் என்ன சொன்னேன்?"

"பாத்துக்கலாம்னீங்க."

அவர் முகத்தைத் துடைக்கப்போய்ச் சேற்றைப் பூசிக்கொண்டார். அந்தக் கோடையிலிருந்து இந்த மழை வரை நான் எப்படிக் கிடந்திருப்பேன் என்று கணக்குப் போடுகிறார் என்பது அவர் தாடை அசைந்த விதத்திலேயே தெரிந்தது.

"இன்னொரு தடவ சொல்லு" என்றார்.

சொன்னேன்.

வந்த நாளிலிருந்து வீடு அதிரப் பேசிய மனுசன். அன்றைக்கு மட்டும் சத்தமே வரவில்லை அவருக்கு.

"விட்டுரு" என்றார்.

எனக்கு நன்றாகக் கேட்டது.